பழைய கம்ப்யூட்டர் எங்கே காத்திருக்கிறது?

தஞ்சாவூரில் என் பெரியப்பா கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். காலையில் பவர் பட்டனை அழுத்திவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவார். இரண்டு வாழைக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் தண்ணீர் விட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் திரையில் ஐகான்கள் வந்திருக்கும். அப்போதும் அவசரப்பட மாட்டார். குரோமை ஒரு முறை அழுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். இரண்டாம் முறை அழுத்தினால் இரண்டு ஜன்னல் திறந்துகொண்டு இன்னும் தாமதமாகும் என்பது அனுபவத்தில் தெரிந்தது.

ஒரு நாள் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து முதல் வலைப்பக்கம் முழுதாக வர 6 நிமிடம் 20 வினாடி. "ஏன்டா, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டார். வாங்கலாம்தான். ஆனால் அந்த 6 நிமிடத்தை எது தின்கிறது என்று தெரியாமல் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

பெட்டி 2012-இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. இன்டெல் கோர் ஐ3-2100 பிராசசர், எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகமும் செருகப்படும் பலகை), 4 ஜி.பி. ராம் (ஓடும் வேலைகளுக்குத் தேவையானதை வைத்திருக்கும் மெமரி), 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7, பிறகு 10. அந்த இரண்டு மூன்று வருடங்களில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரிடம் கிட்டத்தட்ட இதே கூட்டணிதான் இருக்கும். டி.டி.பி. கடைகளிலும் ஆடிட்டர் ஆபீஸ் மூலைகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த ஒரு பெட்டியை வைத்தே பேசுகிறேன்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பெரியப்பாவின் கம்ப்யூட்டர் முக்கி முனகிக்கொண்டிருந்த நேரத்தில் அதில் தெரிந்த எண்கள்: சி.பி.யு. 14 சதவீதம், மெமரி 81 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். அதாவது 'மூளை' என்று நாம் சொல்லும் பிராசசர் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. சமையல்காரர் அடுப்பைப் பற்றவைத்துத் தயாராக இருக்கிறார். சாமான் வாங்கக் கடைக்குப் போன பையன் திரும்பி வரவில்லை. இந்த நிலையில் சமையல்காரரை மாற்றினால் என்ன ஆகும்? சம்பளம் கூடும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று சொல்லும்போது எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழசாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1999-இன் தொடக்கத்தில் புதிதாக வந்த பென்டியம் 3, 500 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2002 முடிவதற்குள் பென்டியம் 4, 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டது. நான்கு வருடத்துக்குள் 6 மடங்கு கடிகார வேகம். அன்று மூன்று வருடப் பழைய கம்ப்யூட்டர் நிஜமாகவே கிழம். 2011-இல் வந்த ஐ3-2100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலைகள்), 3.1 கிகாஹெர்ட்ஸ். 6 வருடம் கழித்து 2017 ஜனவரியில் வந்த ஐ3-7100-இலும் அதே 2 கோர், அதே 4 த்ரெட், வேகம் மட்டும் 3.9. உள்ளமைப்பில் முன்னேற்றம் இருந்தது, மின்சாரம் மிச்சமானது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடிதம் அடிப்பவருக்கும் யூட்யூபில் சொற்பொழிவு கேட்பவருக்கும் இந்த வித்தியாசம் பெரிதாக உறைக்காது. 2017 மார்ச்சில் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. ரைசன் பிராசசரைக் கொண்டுவந்து போட்டியைக் கிளப்பியது. அந்த அக்டோபரில் வந்த இன்டெலின் 8-ஆம் தலைமுறையில்தான் ஐ3-க்கு 4 கோர் கிடைத்தது. நடுவில் போன அந்த மந்தமான வருடங்கள்தான் நம் பழைய பெட்டிகளுக்குக் கிடைத்த ஆயுள் நீட்டிப்பு.

சரி, ஹார்ட் டிஸ்குக்கு வருவோம். அதற்குள் இருப்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது வினாடிக்கு 120. கிராமபோன் ஊசி போல ஒரு கை உள்ளும் புறமும் நகர்ந்து தேவையான தடத்துக்குப் போக வேண்டும். அதற்கு சராசரியாக 8 அல்லது 9 மில்லி வினாடி. போய்ச் சேர்ந்தபிறகு நமக்கு வேண்டிய இடம் தட்டோடு சுற்றி ஊசிக்குக் கீழே வரும்வரை நிற்க வேண்டும். சராசரியாக அரைச்சுற்று, 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் ஏறத்தாழ 13 மில்லி வினாடி. கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் 3.1 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் கடிகாரம் சுமார் 4 கோடி முறை துடித்துவிடும். ஒரே ஒரு கோப்புத் துண்டுக்காக 4 கோடித் துடிப்பு வீண்.

இந்தக் கணக்கில் ஒரு ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 75, 80 துண்டுகளுக்கு மேல் பொறுக்கித் தர முடியாது. ஒவ்வொன்றும் 4 கே.பி. என்றால் வினாடிக்கு வெறும் 300 கே.பி. ஒரு சினிமாவைக் காப்பி செய்யும்போது இதே டிஸ்க் வினாடிக்கு 100 எம்.பி.க்கு மேல் தருகிறதே என்றால், அது ஒரே வரிசையில் கிடக்கும் சரக்கு. ஊசி அலைய வேண்டியதில்லை. விண்டோஸ் எழுந்து நிற்பது அப்படியில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், தட்டின் நாலா மூலையிலும். விண்டோஸ் 7 காலத்தில் இது பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. 10-இல் அப்டேட் தேடல், வைரஸ் சோதனை, கோப்பு அட்டவணை போடுவது எல்லாம் நாம் உள்ளே நுழைந்த அதே நொடியில் வரிசையில் வந்து நிற்கின்றன. டிஸ்க் 100 சதவீதம் என்பது அந்த வரிசையின் நீளம்.

ஹார்ட் டிஸ்கின் இடத்தில் போடக்கூடிய எஸ்.எஸ்.டி. சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க். அதில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டையும் சுமார் 0.1 மில்லி வினாடியில் எடுத்துக் கொடுத்துவிடும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கடையில் ஒரு தம்பி, "சார், உங்க போர்டு பழசு, எஸ்.எஸ்.டி.யோட பாதி ஸ்பீடுதான் வரும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. டிஸ்கை போர்டோடு இணைக்கும் வாசலுக்கு சாட்டா என்று பெயர். எச்61 போர்டில் இருப்பது 3 கிகாபிட் சாட்டா, எஸ்.எஸ்.டி. பெட்டியில் வினாடிக்கு 550 எம்.பி. என்று போட்டிருந்தால் இதில் 280-ஐத் தாண்டாது. ஆனால் 550-உம் 280-உம் பெரிய கோப்பை நீளமாகப் படிக்கும்போது வரும் எண்கள். சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. கொடுப்பதே வினாடிக்கு 20, 30 எம்.பி.தான். அதற்குப் பழைய வாசலே தாராளம். நாம் அனுபவிக்கும் வேக வித்தியாசம் அந்த 300 கே.பி.க்கும் இந்த 25 எம்.பி.க்கும் இடையே உள்ளதுதான். இதற்காக போர்டை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துபோகும் என்ற பயமும் பலருக்கு உண்டு. 240 ஜி.பி. அளவில் மட்டமான ஒன்றுக்கே 60 டெராபைட் (60,000 ஜி.பி.) எழுதும்வரை தாங்கும் என்ற மாதிரி கணக்கு போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு 20 ஜி.பி. எழுதினாலும் 3,000 நாள், அதாவது 8 வருடம். வீட்டில் அவ்வளவு யாரும் எழுதுவதில்லை. உண்மையான சிக்கல் வேறு இடத்தில். ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் கடகடவென்று சத்தம் போடும், முனகும், நேரம் கொடுக்கும். எஸ்.எஸ்.டி. போனால் பெரும்பாலும் சொல்லாமல் போகும். நேற்று இருந்தது, இன்று இல்லை. அதனால் பேரன் படங்களும் பத்திர ஸ்கேன்களும் அதில் மட்டும் இருக்கக் கூடாது.

வேலையில் இறங்குவதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பழைய டிஸ்கின் ஜாதகத்தைப் பார்த்தேன். ஓடிய நேரம் 21,000 மணிக்கு மேல். மஞ்சள் எச்சரிக்கை. ரீஅலொகேட்டட் செக்டார் என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண் இருந்தது. டிஸ்க் சில இடங்களைக் கெட்டுப்போனதாக ஒதுக்கிவிட்டு மாற்று இடத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வேறு எதையும் தொடவில்லை. முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுத்தேன். மதியம் தொடங்கியது இரவு பத்துக்கு முடிந்தது. யு.எஸ்.பி. 2.0 வாசல், குறை சொல்லவும் முடியாது.

கேபினெட்டைத் திறந்ததும் 12 வருடத் தூசி. பக்கத் தகட்டில் பல்லி முட்டை ஓடு ஒன்று. எஸ்.எஸ்.டி. கையளவுதான், ஹார்ட் டிஸ்க் உட்காரும் இடத்தில் அது ஆடும். பிராக்கெட் வாங்கலாம், நான் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் கேபினெட் சுவரிலேயே ஒட்டிவிட்டேன். உள்ளே ஆடும் பாகம் எதுவும் இல்லாததால் எப்படி வைத்தாலும் அதற்குக் கவலையில்லை. சாட்டா டேட்டா கேபிள் ஒன்று தனியாக வாங்க வேண்டும், பெட்டியில் வராது. கரண்ட் கொடுக்கும் பெட்டியான பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சாட்டா பவர் கொக்கி போதவில்லை என்றால் நான்கு முள் கொக்கியிலிருந்து மாற்றித் தரும் ஒரு குட்டி வயர் கிடைக்கும். இதெல்லாம் வாங்காமல் வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் பயாஸ் (விண்டோஸுக்கும் முன் எழும் போர்டின் சொந்த மென்பொருள்) அமைப்பு, சாட்டாவை ஐ.டி.இ. என்ற பழைய முறையில் வைத்திருக்கும். ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றிவிட்டுப் பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுவது நல்லது. பழைய விண்டோஸை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகல் எடுத்துவிட்டு முறையை மாற்றினால் நீலத் திரை வந்து நிற்க வாய்ப்பு அதிகம். நகல் எடுப்பதை நான் எப்படியும் விரும்புவதில்லை. பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு எதற்கு ஏற்றிச் செல்ல வேண்டும்?

ராம் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. மெமரி 81 சதவீதம் என்று பார்த்தோம் அல்லவா, அது ஒன்றுமே திறக்காத நிலையிலேயே. விண்டோஸ் 10 தனக்கே 4 ஜி.பி.யில் பாதியையாவது எடுத்துக்கொள்ளும். குரோம் ஒவ்வொரு டேபையும் பெரும்பாலும் தனித்தனி வேலையாக ஓட்டும். நாலு டேப் திறந்தால் ராம் நிரம்பும். நிரம்பினால் விண்டோஸ் என்ன செய்யும்? உடனடியாகத் தேவைப்படாததை எடுத்து டிஸ்கில் எழுதி வைக்கும், தேவைப்படும்போது திரும்பப் படிக்கும். ஆக, ராம் பற்றாக்குறை டிஸ்கின் வேஷத்தில் வந்து நிற்கிறது. டிஸ்கை மட்டும் மாற்றினால் அந்த வேஷம் கொஞ்சம் அழகாகும், கலையாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எச்61 போர்டில் ராமுக்கு இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜி.பி. வரை போடலாம். வீட்டு உபயோகத்துக்கு 8 போதும். ஏற்கெனவே ஒரு 4 இருந்ததால் இன்னொரு 4 சேர்த்தேன். ஒரே 8-ஐ விட இரண்டு 4 இங்கே மேல், ஏனென்றால் இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் போர்டு இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கும் இதே ராம்தான் என்பதால் அந்த வித்தியாசம் தெரியும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் மட்டும் இது வீண். 32 பிட்டால் எண்ண முடிந்த முகவரிகள் 4 ஜி.பி.யோடு முடிந்தன, அதிலும் ஒரு பங்கு மற்ற சாதனங்களுக்குப் போய்விடும். 8 போட்டாலும் 3.25 என்ற மாதிரிதான் காட்டும். 64 பிட் விண்டோஸ் வேண்டும்.

ஆன்லைனில் இந்தக் காலத்து போர்டுகளுக்கான டி.டி.ஆர்.3 வகை ராம் தேடும்போது ஒரு பொறி உண்டு. மற்றவற்றை விடப் பாதி விலைக்கு ஒன்று வரும். விவரத்தின் கடைசியில் பொடி எழுத்தில் 'ஏ.எம்.டி.க்கு மட்டும்' என்றிருக்கும். அதன் சிப்புகள் அடுக்கப்பட்ட விதத்தை இன்டெல் போர்டுகளால் படிக்க முடியாது. செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், நாம் போர்டு செத்துவிட்டது என்று பதறுவோம். நல்ல ராமைப் போட்டும் கறுப்புத் திரை வந்தால் பதறும் முன் நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வைத்தியத்தைச் செய்து பாருங்கள்: ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்திச் செருகுவது. பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். மேலே படிந்த அழுக்குதான் காரணம், மந்திரம் ஒன்றுமில்லை.

விலையைப் பற்றி நான் எண் சொல்லப் போவதில்லை. எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம், எஸ்.எஸ்.டி. விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் நிறுவனம், வீட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே மூடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நம் ஊரில் பலர் நம்பி வாங்கிய பெயர் அது. புதுக் கம்ப்யூட்டரின் விலையையும் இதுதான் ஏற்றுகிறது. பழைய பெட்டியைப் பார்த்து 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே' என்று தோன்ற இப்போது ஒரு காரணம் கூடியிருக்கிறது.

பேட்டரி கதை ஒன்று. எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் போட்டு, எல்லாம் பறக்கிறது. மறுநாள் காலை பெரியப்பா போன்: "இன்டர்நெட்டே வரலை." எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று எச்சரிக்கை. ரௌட்டரை அணைத்துப் போட்டோம், கேபிளைப் பிடுங்கிச் செருகினோம். கடைசியில் திரையின் வலது மூலையில் தேதியைப் பார்க்கச் சொன்னேன். 2011 ஜனவரி 1. மதர்போர்டில் வட்டமாக, பழைய ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும்: சி.ஆர்.2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மெயின் சுவிட்சை அணைக்கும்போதும் கம்ப்யூட்டர் பிறந்த தேதிக்குத் திரும்பிவிடும். இன்றைய வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்று கெடு இருக்கிறது. 2011-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அவை இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். கைக்கடிகாரக் கடையில் அதே பேட்டரி கிடைத்தது. பழைய கம்ப்யூட்டரைத் திறக்கும் அன்றே இதையும் மாற்றிவிடுங்கள்.

பிராசசர் மேல் இருக்கும் ஃபேனைக் கழற்றி, சூட்டைக் கடத்துவதற்காக அடியில் தடவி, இப்போது காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பேஸ்டைத் துடைத்து ஒரு மிளகளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். சூடு குறைந்தது, சத்தமும் குறைந்தது. திரும்ப மாட்டும்போது நான்கு பிளாஸ்டிக் முள்களும் போர்டின் அடியில் எட்டிப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். மூன்று மாட்டி ஒன்று மாட்டாமல் இருந்தால் ஃபேன் சுற்றும், சூடு இறங்காது.

எஸ்.எஸ்.டி., ராம், பேட்டரி, பேஸ்ட். இவ்வளவுக்கும் பிறகு பட்டனை அழுத்தியதிலிருந்து முதல் வலைப்பக்கம் வரை 45 வினாடிக்குள். செலவு புதுக் கம்ப்யூட்டரின் சின்னப் பங்கு. இதற்கு மேல் செய்யத் தோன்றுகிறவற்றில் பலவும் எனக்கு வீணாகத்தான் படுகிறது.

முக்கியமாக, பிராசசர் மாற்றுவது. இதே சாக்கெட்டில் உட்காரும் 4 கோர் ஐ5-2400 பழைய மார்க்கெட்டில் கிடைக்கும். பல டேப், பெரிய எக்செல் என்று நிஜமாகவே சி.பி.யு. 100 சதவீதம் காட்டுகிறவர்களுக்குப் பலன் உண்டு. ஆனால் ஐ3 எடுத்துக்கொள்வது 65 வாட், அது 95. பழைய சின்ன ஃபேனையும், பேர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் நம்பி இதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. இதற்கு அடுத்த, 3-ஆம் தலைமுறை பிராசசர் போடுவதென்றால் பல போர்டுகளில் முதலில் பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும்; நடுவில் கரண்ட் போனால் போர்டு கதை முடிந்தது. யு.பி.எஸ். பேட்டரியே செத்துப்போயிருக்கும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம். இதற்கும் முந்தைய கோர் 2 டுவோ பிராசசர் வைத்திருப்பவர்கள் எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தக் காலத்து ஜி31 போர்டில் 4 ஜி.பி.க்கு மேல் ராமும் ஏறாது.

கிராபிக்ஸ் கார்டில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். 'யூட்யூப் திக்கித் திக்கி வருகிறது' என்று போனால் ஜிடி 710 என்ற கார்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பிரச்சினை என்னவென்றால், யூட்யூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. 2011 இன்டெல் சிப்பில் இருக்கும் பட இயந்திரத்துக்கு எச்.264 என்ற பழைய முறை தெரியும், விபி9 தெரியாது. இன்டெலின் டெஸ்க்டாப் சிப்புகளில் அதற்கு முழுமையான வன்பொருள் உதவி வந்தது 2017-இன் 7-ஆம் தலைமுறையில். தெரியாத மொழியை பிராசசரே உட்கார்ந்து பிரித்துப் படிக்கிறது, அதனால்தான் திக்கல். ஜிடி 710 கடைக்கு வந்தது 2016-இல் என்றாலும் உள்ளே இருப்பது பழைய கெப்ளர் சிப். அதற்கும் விபி9 தெரியாது. ஆக, காசு கொடுத்து இன்னொரு காது கேளாதவரைக் கூட்டி வந்தது போல. ஜிடி 1030 கார்டுக்கு விபி9 தெரியும், 30 வாட்தான், தனி பவர் வயரும் வேண்டாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு இலவச வழி இருக்கிறது: எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சி. தெரிந்த எச்.264-லேயே அனுப்பும்படி யூட்யூபிடம் கேட்டு வாங்கித் தரும். 1080பி வரைக்கும் அது போதும். பெரியப்பா வீட்டு மானிட்டர் அதற்கும் கீழேதான்.

லேப்டாப்புக்கும் இதே கணக்குதான், இடம் மட்டும் குறுகல். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. உள்ளே இரண்டரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க் இருந்தால் சாதாரண எஸ்.எஸ்.டி. அதே கொக்கியில் உட்காரும். மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால் ராம் வாங்குவதற்கு முன் அடிமூடியைத் திறந்து எத்தனை ஸ்லாட், என்ன வகை என்று போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. கழற்றி எடுத்துவிட்டு சார்ஜரில் ஓட்டுங்கள்.

இனி கையை மீறிய விஷயம். பெரியப்பாவின் கம்ப்யூட்டர் இப்போது வேகமாக இருக்கிறது, ஆனால் விண்டோஸ் 11-ஐ அதில் முறையாகப் போட முடியாது. மைக்ரோசாஃப்ட் 2021 அக்டோபரில் அதை வெளியிட்டபோது வைத்த வரம்பு: டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட், இன்டெலில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதல். குறுக்கு வழிகளில் பலர் போட்டு ஓட்டுகிறார்கள்; அடுத்த அப்டேட்டில் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு சில புதிய பிராசசர் கட்டளைகளைக் கட்டாயமாக்கியதில் கோர் 2 காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அவர்களுடைய கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. பதிவு செய்துவிட்டோம். அதாவது இந்தப் பெட்டிக்கு முதுமையைத் தீர்மானித்தது சிலிக்கான் இல்லை, ஒரு பட்டியல்.

ஆதரவு போனாலும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் பிரவுசர்களும் ஒரு நாள் கையை விடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு நின்றது. 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு குரோமும் நின்றது. பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் அந்த நிலைக்குப் போகக் கூடாது.

அதனால் எஸ்.எஸ்.டி.யில் இடம் பிரித்து விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போட்டேன், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ வகை. 22-ஆம் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. இந்த அளவு கம்ப்யூட்டரில் சுலபமாக ஓடுகிறது. பெரியப்பா பயந்தது விண்டோஸ் போவதற்காக இல்லை, தமிழ் போய்விடுமோ என்று. விசைப்பலகை அமைப்பில் அவர் பழகிய தமிழ்99 விசை வரிசையைச் சேர்த்துக் கொடுத்ததும் பழைய வேகத்தில் அடித்தார். 'அ' அதே இடத்தில் இருந்தது, அவருக்கு அது போதும். பிரவுசர் அதே பிரவுசர். சொற்பொழிவு அதே சொற்பொழிவு. கோயில் கமிட்டிக் கணக்கு எக்செலில் இருந்தது. எக்செலுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸில் திறந்தது, இரண்டு இடத்தில் கட்டம் நகர்ந்திருந்தது, சரிசெய்தோம்.

இன்று பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டில் அடித்துவைத்த பழைய கடிதங்கள்தான் இழுத்தடித்தன. அந்த ஃபான்ட் கோப்புகளை விண்டோஸ் பக்கத்திலிருந்து எடுத்து லினக்ஸில் போட்டதும் படிக்க வந்தது, தேட வராது. வைத்துக்கொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். மொத்தம் முந்நூறு சொச்சம், தினம் இரண்டு.

பிரிண்டர் மட்டும் மசியவில்லை. பெட்டியோடு சேர்த்து வாங்கிய லேசர் பிரிண்டர், டோனர் போட்டுப் போட்டு இன்னும் பளிச்சென்று அச்சடிக்கிறது. ஆனால் அதற்கான லினக்ஸ் டிரைவரோடு இரண்டு இரவு மல்லுக்கட்டியும் ஒரு பக்கம் வந்தால் அடுத்த பக்கம் பாதியில் நின்றது. கடைசியில் ஏற்பாடு இப்படி ஆயிற்று: அன்றாடம் லினக்ஸ்; அச்சடிக்க வேண்டியதை எல்லாம் பி.டி.எஃப். ஆக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்து, சனிக்கிழமை மட்டும் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் 10-ஐத் திறந்து மொத்தமாக அடிப்பது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். மஞ்சள் எச்சரிக்கையை நம்பவில்லை. அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.